விழுந்தவர் கணக்கு

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் எல்லோரும் எதையாவது கேட்கப் போகிறார்கள்; அல்லது கேட்டது கிடைத்துவிட்டது என்று சொல்லப் போகிறார்கள். நான் போனது இந்த இரண்டு வகையிலும் சேராது. என் மனைவியின் அத்தைக்கு முழங்கால் வலி. எழுபது வயதுக்கு மேல் முழங்கால் வலிக்காமல் வேறு என்ன செய்யும் என்று நான் கேட்டதற்கு வீட்டில் கிடைத்த பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை. வேண்டுதல் அத்தையுடையது, துணை என்னுடையது என்று முடிவாயிற்று. அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் வேளாங்கண்ணி மாதா விஷயத்தில் மதம் குறுக்கே வருவதில்லை. தஞ்சாவூர்ச் சீமையில் அது என்றுமே அப்படித்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே 12 கிலோமீட்டர். வழியெல்லாம் வயல், வாய்க்கால், வரப்போரத்துத் தென்னை, கடைசியில் கடல். மாதா கோயிலுக்குப் போகும் தெருவில் வெள்ளித் தகட்டில் செய்த உறுப்புகளை விற்கிறார்கள். கண் நோய்க்குக் கண், காது நோய்க்குக் காது, பிள்ளையில்லாதவருக்குத் தொட்டில், வீடு இல்லாதவருக்கு வீடு. அத்தை முழங்கால் கேட்டாள். முழங்கால் தனியாகக் கிடையாதாம்; முழுக் காலாகத்தான் வாங்க வேண்டும். அத்தை சற்று யோசித்து, "இருக்கட்டும், கணுக்காலும் சில நாள் வலிக்கிறது" என்று வாங்கிக்கொண்டாள்.

காணிக்கைப் பொருள்களைக் கோயிலில் ஒரு காட்சிசாலையாகவே வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிப் பார்த்தபோது, சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த வெள்ளித் துண்டுகளைக் கொஞ்சம் கவனிக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. எந்த ஊரில் எந்த உறுப்பு எத்தனை பேருக்குக் கெட்டது என்பதற்கு ஜனங்கள் தாங்களே எழுதி வைத்த ஒரு பதிவேடு அல்லவா அது? கைகளும் கால்களும் ஏராளம். இருதயமும் உண்டு. முதுகெலும்பு மட்டும் என் கண்ணில் படவில்லை.

முதுகெலும்பை நான் தேடியதற்குக் காரணம், அதற்கு அரை மணி நேரம் முன்பு நான் இளநீர் குடித்த ஒரு கடை.

கடை என்றால் கடை அல்ல. நாலு சவுக்குக் கம்பு, மேலே கீற்று, கீழே இளநீர்க் குவியல். பின்னால் கம்பத்தில் நீளமான பலகை ஒன்று சாத்தியிருந்தது. இரவில் கடையை அடைக்கும் பலகை என்று நினைத்தேன். கடைக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தோளும் புஜமும் மல்யுத்தக்காரனுக்கு இருப்பதுபோல் இருந்தன. வேட்டிக்குக் கீழே தெரிந்த கால்கள் மட்டும் வேறு யாருடையவோபோல மெலிந்திருந்தன.

"ஐயாவுக்கு வழுக்கையா, தண்ணியா?"

"தண்ணி போதும், தம்பி."

அரிவாளை மூன்று தடவை வீசினார், இளநீர் திறந்துகொண்டது. கொடுத்துவிட்டு, நாற்காலியின் இரண்டு கைகளிலும் உள்ளங்கையை ஊன்றி உடம்பை மேலே தூக்கினார். நான் பெரியவன் என்று மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்க்கிறார் என்று எண்ணி, "வேண்டாம், வேண்டாம், உட்காருங்கள்" என்று பதறினேன். அவர் சிரித்துவிட்டார்.

"எழுந்திரிக்க முடியாதுங்க. இது நமக்கு வைத்தியம். அப்பப்போ இப்படித் தூக்கலேன்னா உக்காந்த எடம் புண்ணாப் போயிடும். புண்ணு வந்தா நமக்குத் தெரியாது, அதான் விசேஷம்."

அவர் கீழையூர்ப் பக்கத்துக்காரர். தேங்காய் பறிக்கும் தொழில். 2012 கார்த்திகையில், மழை விட்ட மறுநாள், காலில் தளை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். மரமெல்லாம் பாசி. மேலே போய்க் குலையை வெட்ட ஒரு மட்டையைப் பிடித்தார். காய்ந்த மட்டை, கையோடு வந்துவிட்டது.

"விழுந்தேன்னுகூடச் சொல்ல முடியாதுங்க. கீழ வந்து உக்காந்துட்டேன், அவ்வளவுதான். வலியே இல்ல. சரி, தப்பிச்சோம்னு எழுந்திரிக்கப் பார்த்தா, காலைக் காணோம்."

இப்படிச் சொன்ன மனிதர் தென்னை மரத்தின் காயை விற்றே பிழைக்கிறார். மரத்தின்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். நாவலாசிரியர்கள் கேட்கிற அசட்டுக் கேள்விகளில் அது ஒன்று. "மரம் என்னங்க செய்யும்?" என்றார்.

உட்கார்ந்தபடி விழுந்தால் கால் ஏன் போக வேண்டும்? முதுகெலும்பு என்று நாம் ஒருமையில் சொன்னாலும் அது ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று கோத்த சிறு எலும்புகள். அவற்றுக்குக் கீழே ஒட்டிப்போன சில. இந்தக் கோவையின் நடுவே உள்ள குழாயில் தண்டுவடம் இறங்குகிறது. சுண்டுவிரல் பருமன், ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். மூளையின் உத்தரவெல்லாம் உடம்புக்குப் போவதும், உடம்பின் சேதியெல்லாம் மூளைக்கு வருவதும் இதன் வழியாகத்தான். மார்புப் பாகம் விலா எலும்புகளால் கட்டப்பட்டு விறைப்பாக இருக்கிறது. இடுப்புப் பாகமோ வளைந்து கொடுப்பது. விறைப்பும் வளைவும் சந்திக்கிற அந்த இடத்தில்தான், காலோ பிருஷ்டமோ தரையில் மோதியதும் மேலே ஏறிவருகிற அடி போய் உட்காருகிறது. எலும்பு நொறுங்கி வடத்தைக் குத்துகிறது. கைகள் தப்புகின்றன, இடுப்புக்குக் கீழே எல்லாம் போகிறது. எல்லாம் என்றால் கால் மட்டும் அல்ல. சிறுநீரும் மலமும் வந்ததை அறியும் உணர்ச்சியும், சூடு பட்டால் அறியும் உணர்ச்சியும் சேர்ந்து போகின்றன. தலைகீழாக விழுந்தவனுக்கும், ஆழமில்லாத வாய்க்காலில் தலைகீழாகக் குதித்தவனுக்கும் கழுத்து முறிகிறது; அவர்களுக்குக் கையும் மிஞ்சுவதில்லை.

40 அடி உயரத்திலிருந்து விழுகிறவன் ஒன்றரை விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் தரைக்கு வந்துவிடுகிறான். வரும்போது அவன் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் இருக்கும். நம் ஊர் டவுன் பஸ்ஸே அந்த வேகத்தில் போவதில்லை.

ஆனால் விழுவதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. "நாலு பேர் ஓடி வந்தாங்க. ரெண்டு பேர் கக்கத்துல, ரெண்டு பேர் காலுல பிடிச்சுத் தூக்கி ஆட்டோவுல மடக்கி வெச்சாங்க. நல்ல மனசோடதான் செஞ்சாங்க, பாவம்" என்றார் கடைக்காரர். எலும்பு முறிந்தும் வடம் முழுவதும் அறுந்துபோகாமல் சில இழைகள் தப்பியிருக்கும் காயங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஆளைச் சாக்கு மூட்டைபோல மடக்கித் தூக்கினால், மரம் மிச்சம் வைத்ததை மனிதர்கள் முடித்துவிடுவார்கள். தலை, கழுத்து, இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல நாலு பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் புரட்டி, பலகையில் கிடத்திக் கொண்டுபோக வேண்டும். இதைத்தான் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவர் விஷயத்தில் தவறு மரத்தில் நடந்ததா, ஆட்டோவில் நடந்ததா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

என் சின்ன வயதில் எங்கள் கிராமத்திலும் ஒருவன் பனையிலிருந்து விழுந்தான். அவன் வீட்டுத் திண்ணையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். முதல் மாதம் அவன் எங்களிடம் பேசினான். பிறகு அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டோம். மார்கழியில் விழுந்தவன் பங்குனியில் போய்விட்டான். "விதி" என்றார்கள். புண் என்றோ, சிறுநீரில் சீழ் என்றோ யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. நம் பழைய கதைகளில் குருடர் வருகிறார், செவிடர் வருகிறார், முடவர் வருகிறார். முதுகொடிந்து பல்லாண்டு வாழ்ந்தவர் வருவதில்லை. காரணம் எளியது. அப்படி ஒருவர் பல்லாண்டு வாழ்ந்ததே இல்லை.

வேளாங்கண்ணியின் ஆதி கதையில் வருகிற சிறுவனும் அப்படித்தான். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நடுத்திட்டு என்ற மேட்டில் மோர் விற்றுக்கொண்டிருந்த ஏழைத் தாயின் மகன். பிறவியிலேயே கால் ஊனம். குழந்தையோடு வந்த ஒரு பெண்மணி அவனிடம் மோர் வாங்கிக் குடித்து, நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு தனவந்தரிடம் சேதி சொல்லச் சொன்னாளாம். அவன் எழுந்து ஓடினானாம். பக்தர்கள் நம்பும் கதை அது; அதில் கை வைக்க எனக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை. நான் கவனித்தது ஒன்றுதான்: பிறவி ஊனத்தோடு ஒரு சிறுவன் வளர்ந்து மோர் விற்கலாம். மரத்திலிருந்து விழுந்த ஒருவன் இளநீர் விற்பதற்கு மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. எட்வின் ஸ்மித் என்பவர் பெயரால் வழங்கும் எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று இருக்கிறது. சுமார் 3,600 வருஷத்துக்கு முந்தியது. அதில் கழுத்தெலும்பு விலகிக் கைகால் அசைவற்றுச் சிறுநீர் தானாக ஒழுகும் நோயாளியை அப்படியே கண்ணால் கண்டதுபோல வர்ணித்துவிட்டு, இது வைத்தியம் செய்யத் தக்கதல்ல என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு முதல் உலக யுத்தம் வரையில் செல்லுபடியாயிற்று. முதுகில் குண்டு பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மாண்டார்கள்.

1917-இல் ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பிரதேசத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தான் லுட்விக் குட்மன் என்ற பதினெட்டு வயதுப் பையன். முதுகொடிந்த ஒரு சுரங்கத் தொழிலாளி வந்தான், நல்ல வாலிபன். பையன் குறிப்பெழுதப் போனபோது, சிரமப்பட வேண்டாம், ஆறு வாரத்தில் செத்துப்போவான் என்றார்கள். ஐந்து வாரத்தில் போய்விட்டான். குட்மன் இதை மறக்கவில்லை. டாக்டரானார்; யூதர் என்பதால் 1939-இல் நாட்டைவிட்டு ஓடி இங்கிலாந்து சேர்ந்தார். 1944-இல் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் முதுகொடிந்த சிப்பாய்களின் வார்டை அவரிடம் கொடுத்தார்கள். அவர் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? மருந்தே இல்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீரைச் சுத்தமாக எடுக்க வேண்டும். எழுப்பி உட்காரவைத்து வேலை கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். வார்டிலிருந்து பிணங்கள் போவது குறைந்தது. 1948 ஜூலை 29-ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவர் சக்கர நாற்காலிக்காரர்கள் 16 பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் விதை அதுதான்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டுவதற்கு எகிப்தியருக்கு என்ன தடை இருந்தது? எங்கள் கிராமத்துக்குத்தான் என்ன தடை? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் அந்தத் திண்ணை கண்முன் வருகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த வித்தை வந்த கதை தனி நாவலுக்கு உரியது. மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு உல்லாசமாகப் புறப்பட்ட மோட்டார் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் பெரிய காயம். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. கதையை இங்கே முடித்துவிட விதி தயாராகத்தான் இருந்தது. ஆனால் வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை டாக்டர் இருந்தார். தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை நிமிர்த்துகிறவர். அறுவை செய்யக் கைதானே வேண்டும், கால் எதற்கு என்பது அவருடைய வாதம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நூற்றுக்கணக்கான கைகளைச் சரிசெய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலும், நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்திலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகொடிந்தவர்களை உள்ளே தங்கவைத்து வாழப் பழக்குவதில் இந்தியாவில் அதுவே முன்னோடி. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1986-இல் காலமானார். அங்கே சேர்ந்த நோயாளிகள் டாக்டரும் தங்களைப்போலவே நாற்காலியில் வருவதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் பல தடவை எண்ணிப் பார்த்ததுண்டு.

தெற்கே இன்னொருவர். தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், எஞ்சினீரிங் மாணவர். 1975 ஜனவரி 10-ஆம் தேதி பெங்களூரில் கடற்படை அதிகாரிகள் தேர்வில் தேகப் பரீட்சையின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அமர் என்பது, தமக்குத் தைரியம் கொடுத்து வைத்தியம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சஹலின் பெயரிலிருந்து எடுத்தது. ஊனமுற்ற குழந்தைகளுக்கான சிறு பள்ளியாகத் தொடங்கியது, இன்று பல நூறு கிராமங்களை எட்டும் ஸ்தாபனம். இவர்கள் இருவரும் தப்பியதனால்தான் நமக்குத் தெரிகிறார்கள். தப்பாதவர்களின் கணக்கு மண்ணுக்குள் இருக்கிறது.

தப்பிப் பிழைக்க வழி பிறந்த பிறகுதான் எண்ணுகிறவர்களும் வந்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2013-இல் சொன்ன கணக்குப்படி, ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் தண்டுவடக் காயம் அடைகிறார்கள். 2021-இல் இந்தக் காயத்தோடு வாழ்பவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகம். ஆண்கள், பெண்களைப்போல் இரண்டு மடங்காவது இருக்கிறார்கள். அதிலும் இருபதுகளில் இருப்பவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். உழைத்துக் குடும்பத்தைத் தாங்கத் தொடங்கும் வயது.

மொத்தக் கணக்கு மனத்தில் ஒட்டாது. பிரித்துப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். அமெரிக்காவில் 1973 முதல் இந்தக் காயங்களுக்குப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அங்கே முதல் இடம் மோட்டார் விபத்துக்கு. டில்லியில் இந்திய முதுகெலும்புக் காய மையத்தில் 2002 முதல் 2010 வரை சேர்ந்தவர்களைப் பார்த்தால், சாலை விபத்து நூற்றுக்கு 45, உயரத்திலிருந்து விழுந்தது ஏறக்குறைய 40. காஷ்மீரில் அக்ரோட்டு மரம் பெயர் பெற்றது. செப்டம்பரில் காய் உலுக்கும் காலம் வந்தால் ஆஸ்பத்திரிகளுக்கு முதுகொடிந்தவர்களும் வரத் தொடங்குவார்கள். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வங்காள தேசத்துக் கணக்கு. வேலரி டெய்லர் என்ற ஆங்கிலப் பெண்மணி 1979-இல் தொடங்கி, பிறகு சாவர் என்ற ஊரில் வேரூன்றிய நிலையத்தில் 1990-களில் எடுத்தது. உயரத்திலிருந்து விழுந்தவர்கள் நூற்றுக்கு 43. சாலை விபத்து 18 தான். இரண்டுக்கும் நடுவில் 20 பேர் எப்படி முதுகொடிந்தார்கள் தெரியுமா? தலையில் பாரம் சுமந்துகொண்டு போகையில் இடறி விழுந்து.

அதுவும் ஒரு நதியின் கழிமுகம். நெல் விளையும் பூமி. தென்னையும் மாவும் நிற்கும் ஊர். தலையில் கட்டுச் சுமந்து வரப்பில் நடக்காத அறுவடை எது? வரப்பு வழுக்கினால் சுமை கழுத்தில் இறங்குகிறது. அந்தப் புள்ளிவிவரத்தைப் படித்தபோது சாவரைப் பற்றிப் படிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. திருத்துறைப்பூண்டியைப் பற்றியோ திருவாரூரைப் பற்றியோ யாரோ எழுதியதுபோல இருந்தது.

ஒரு ஜில்லாவில் முதுகு எப்படி ஒடிகிறது என்று சொல்லுங்கள்; அங்கே ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். சுரங்கம் உள்ள இடத்தில் சுரங்கம், பழத்தோட்டம் உள்ள இடத்தில் பழ மரம், வீடு கட்டும் நகரத்தில் சாரம், எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள் வந்த பிறகு மோட்டார் சைக்கிள். விதி என்றால் விதிக்கு இவ்வளவு ஒழுங்காகத் தொழில் பார்த்து ஆளைப் பிடிக்கத் தெரியுமா? விதியாக இருந்தால் மாற்ற முடியாது. மரமாக இருந்தால் மாற்றலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மர நண்பர்கள்' என்ற பெயரில் பயிற்சி தொடங்கி, இளைஞர்களை இயந்திரத்தால் ஏறப் பழக்கிற்று. அந்த மாதிரி இயந்திரங்களில் ஒன்று, கண்ணூர் ஜில்லாவில் செம்பேரி என்னும் ஊர்க்காரர் ஜோசப் செய்தது. ஏறுகிறவர்களுக்கு இன்ஷ்யூரன்ஸும் வந்தது. குட்டை ரகங்களும் இருக்கின்றன. ஆனால் ஐம்பது வருஷத்து நெட்டை மரங்களை எந்த மிராசுதாரும் ஒரு நாளில் வெட்டிவிட மாட்டார். பாசி பிடித்த மரத்தில் தளையோடு ஏறுகிற கால் இன்றும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் மேலே சொன்ன இந்தியக் கணக்கெல்லாம் ஆஸ்பத்திரிக் கணக்கு. டில்லிக்கு வர முடிந்தவனை டில்லி எண்ணும். வேலூருக்கு வர முடிந்தவனை வேலூர் எண்ணும். வராதவனை யார் எண்ணுவார்கள்?

எண்ணவே முடியாது என்று சொல்லிவிட வேண்டாம். இளம்பிள்ளை வாதத்தை நாம் எப்படி ஒழித்தோம்? சொட்டு மருந்தால் என்பார்கள், பாதி உண்மை. மறு பாதி, எண்ணியது. 15 வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தைக்குக் கால் திடீரென்று துவண்டால், அது எந்தக் குக்கிராமமானாலும் சேதி போக வேண்டும். ஆள் வந்து பரிசோதனைக்கு எடுத்துப் போக வேண்டும். ஒன்றுகூடத் தப்பக் கூடாது என்று 1997-இலிருந்து பிடித்த பிடியாகத் தேடினார்கள். 2011 ஜனவரி 13-ஆம் தேதி வங்காளத்தில் ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச்சில் இந்தியா விடுபட்டது என்று சான்று கிடைத்தது. அப்படியானால் துவண்ட கால் பதினான்கு வயதாக இருந்தால் நாடு முழுவதும் விழித்துக்கொள்கிறது. இருபத்தெட்டு வயதாக இருந்தால் வீட்டுக்காரி மட்டும் விழித்திருக்கிறாள்.

இந்த விஷயங்களையெல்லாம் நான் கடைக்காரரிடம் பிரசங்கம் செய்யவில்லை. நான் சொன்னது கொஞ்சம். அவர் சொன்னதுதான் அதிகம். 'கஜா' புயலைப் பற்றிப் பேச்சு வந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல் நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது.

"அதிகாரிங்க தோப்பு தோப்பா வந்தாங்க ஐயா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி எழுதினாங்க. குறை சொல்லலே, எண்ணினாத்தானே குடுக்க முடியும்? நான் வண்டியில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். நான் விழுந்த மரமும் விழுந்து கிடந்துச்சு. அதுக்கும் ஒரு நம்பர் போட்டாங்க."

இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் கையை ஊன்றி உடம்பைத் தூக்கினார். மனத்துக்குள் எண்ணிக்கொண்டார்போல் இருக்கிறது. சற்று நேரம் கழித்துத்தான் இறக்கினார்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இளநீர்க் கடன் எழுதும் நோட்டுதான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் வேறு கணக்கு. விழுந்த சில வருஷம் கழித்து, அவருக்கு நாற்காலியில் ஏறி இறங்கச் சொல்லிக்கொடுத்த இடத்தில், "உங்கள் பக்கத்தில் இப்படி வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று விசாரித்தார்களாம். அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்ததாம். ஊருக்கு வந்து கேட்க ஆரம்பித்தார். பேர், ஊர், எதிலிருந்து விழுந்தது, இருக்கிறாரா இல்லையா, அவ்வளவுதான் குறிப்பு. தென்னை, தென்னை, பனை, மச்சு, வண்டி, தென்னை, வைக்கோல் போர். நெல் கட்டு என்று எழுதிய இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. ஒரு பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்தில் சில வரிகள் ஓடியிருந்தன. பாதிக்கு மேல் பேருக்கு எதிரே, பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டுக்கு அர்த்தம் என்ன என்று நான் கேட்கவில்லை.

அத்தை வந்துவிட்டாள். அவளுக்கும் ஓர் இளநீர் வெட்டினார். காசு கொடுக்கும்போது பின்னால் சாத்தியிருந்த பலகை மறுபடி கண்ணில் பட்டது. கடையடைக்கிற பலகைக்கு எதற்காக மூன்று இடத்தில் துணிப்பட்டை கட்டியிருக்கிறது?

"அதுங்களா? பழைய கதவு. இங்க சுத்துவட்டாரத்துல யாரு விழுந்தாலும் ஆளை மடக்காதீங்க, நகத்தாதீங்க, மொதல்ல எனக்கு ஒரு போன் பண்ணிட்டு, வந்து இதை எடுத்துட்டுப் போங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"எடுத்துப் போயிருக்கிறார்களா?"

"ரெண்டு தடவ போய் வந்துருக்குங்க" என்றார்.